ஸ்கோரைச் சரியாகச் சொல்ல என் கணக்கு

எங்கள் ஊர் சின்னத்துறையில் கால்பந்து மேட்ச் நாளில் டீக்கடைப் பலகையில் ஆளுக்கொரு ஸ்கோர் எழுதுவோம். சரியாகச் சொன்னவருக்கு மற்றவர்கள் பரோட்டா வாங்கித் தரவேண்டும். பாதிப் பேர் பிடித்த அணிக்கு 4-0 என்று எழுதிவிட்டுப் போவார்கள். அங்கேயே பரோட்டா போச்சு.

நான் செய்வது இது. சொந்த மைதானத்தில் ஆடும் அணி அங்கே கடைசிப் பத்து ஆட்டங்களில் சராசரியாக 1.8 கோல் போட்டிருக்கிறது, எதிரணி வெளியூரில் 1.2 வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். நடுவில் 1.5. அதேபோல் எதிரணிக்கு 1.0 வருகிறது. இரண்டையும் போனில் எக்செல்லின் பாய்சான் சூத்திரத்தில் போடுங்கள்; சராசரியை வைத்து ஓர் அணி 0, 1, 2 கோல் போட எவ்வளவு வாய்ப்பு என்று அது சொல்லும். இரு அணிகளின் வாய்ப்பையும் பெருக்கினால் அந்த ஸ்கோருக்கான வாய்ப்பு வரும். 1-0, 1-1 இரண்டுக்கும் தலா 12.3 சதவீதம், 2-1க்கு 9.2, 0-0க்கு 8.2. முதலிடத்தில் இருப்பதே எட்டில் ஒருமுறைதான் பலிக்கும். 2014இல் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று அடித்ததை எந்தக் கணக்கும் சொல்லாது, விடுங்கள்.

இப்படி இரண்டு ஸ்கோருக்கு வாய்ப்பு சமமாக வந்தால் ஆடும் பதினொருவர் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு வரும். முக்கிய ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் என்றால் நான் ஒரு கோலைக் குறைப்பேன்.

அப்புறம், நாக் அவுட் என்றால் 90 நிமிடமா 120 நிமிடமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டி 90இல் 2-2, கூடுதல் நேரம் முடிந்து 3-3. நான் 2-2 எழுதியிருந்தேன். பரோட்டா இன்னும் வரவில்லை.