திரும்பி வந்த இ-இன்வாய்ஸ்கள்: என் அனுபவம்

இ-இன்வாய்ஸ், அதாவது கணினியே படித்துச் சரிபார்க்கும் மின்னணு விலைப்பட்டியல், கட்டாயமானதும் எங்கள் நிறுவனத்தின் பல இன்வாய்ஸ்கள் சரிபார்ப்பிலேயே நிராகரிக்கப்பட்டன. மென்பொருளை மாற்றலாம் என்றார்கள், நான் சம்மதிக்கவில்லை. பிழைச் செய்திகளை வகை பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை வாடிக்கையாளரின் வரிப் பதிவு எண், முகவரி, வரி விகிதக் குறியீடு ஆகியவற்றைத்தான் சுட்டின. பிடிஎஃப் கோப்பைப் படிக்கும் மனிதர் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்வார். ஆனால் இ-இன்வாய்ஸ் எங்களிடம் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது கணினி படிக்கும்படி தகவல்களைக் குறியிட்டு அடுக்கிய கோப்பு. அதைப் படிக்கும் இயந்திரமோ சில்லறை வேறுபாட்டையும் எளிதில் விடாது. ஒவ்வொரு பொருளுக்கான தொகையும் வரியும் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தியே ஆக வேண்டும்.

முதலில் வாடிக்கையாளர் பதிவேட்டைச் சீராக்கினேன். உண்மையான வேலை அதுதான். வரி எண்ணைச் சரிபார்த்த பிறகே புதியவர்களைச் சேர்க்கிறோம். தொகையின் தசமப் பகுதியை ரவுண்ட் செய்யும் விதி எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றே. ஏற்கப்பட்ட இன்வாய்ஸில் யாரும் கைவைப்பதில்லை, திருத்த வேண்டுமானால் கிரெடிட் நோட் (தொகையைக் குறைத்து வாடிக்கையாளருக்குத் தரும் ஆவணம்) மட்டுமே. தணிக்கைக்காக மூல எக்ஸ்எம்எல் கோப்பையும் ஏற்புச் செய்தியையும் சேர்த்தே சேமிக்கிறோம்.