புதிய அடுக்குமாடிக் கோபுரங்களை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எலிவேஷன் பிரமாதம்" என்று முகப்பைப் புகழ்ந்துவிட்டால் ஒரு கட்டடத்தை மதிப்பிட்டு முடித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் கட்டடத்தைப் பார்த்துச் சொன்னதே அல்ல. கணினியில் வரைந்த படத்தைப் பார்த்துச் சொன்னது. அந்தப் படத்தில் எப்போதும் மாலை வெயில். பக்கத்தில் இன்னொரு கோபுரம் இருக்காது. எந்தப் பால்கனியிலும் துணி காயாது, ஏசியின் வெளிப்பெட்டி தொங்காது. ஆட்கள் குடியேறியதும் இரண்டும் வந்துவிடும். அவற்றுக்கு முன்கூட்டியே இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

தூரத்திலிருந்து உச்சியைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. ஐந்தாவது மாடிக்கு மேலே வசிப்பவருக்குத் தெருவோடு உள்ள தொடர்பு அறுந்துபோகிறது என்பார் டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல். நடந்து போகிறவருக்கும் கணக்கு அதேதான்: அவர் கண்ணில் படுவது கீழ் மாடிகள் மட்டும். அங்கே என்ன இருக்கிறது? நாலு மாடி பார்க்கிங்கை மறைக்கும் மொட்டைச் சுவரா, கார் இறங்கும் சரிவா, ஜெனரேட்டர் அறையின் இரும்புக் கதவா? மெல்லிய கோபுரங்களுக்குப் பேர்போன கனடாவின் வான்கூவரில், பல கோபுரங்களின் காலடியில் தெருவைப் பார்த்து வாசல் திறக்கும் வரிசை வீடுகளைக் கட்டினார்கள். உச்சியில் கிரீடம் வைப்பதைவிட இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி நிறைய இருந்தால் தரம் என்பது இன்னொரு மயக்கம். அது எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். கர்ட்டன் வால் முறையில் கண்ணாடிச் சட்டகம் தளங்களுக்கு வெளியே திரைபோலத் தொங்கும். விண்டோ வால் முறையில் மேல் ஸ்லாபுக்கும் கீழ் ஸ்லாபுக்கும் நடுவே கண்ணாடியைச் செருகுவார்கள். ஸ்லாபின் விளிம்பு மாடிக்கு மாடி பட்டையாகத் தெரியும். படத்தில் முழுக் கண்ணாடியாக மின்னிய கோபுரம் நேரில் கோடுபோட்ட சட்டைபோல இருப்பதற்கு இந்தப் பட்டைதான் காரணம். இரண்டாவது முறை மலிவு. ஆனால் மலிவு என்பதற்காக மட்டம் தட்ட வேண்டாம். பட்டை நேராக ஓடுகிறதா, மூலையில் இரண்டு பட்டைகள் கூடும் இடத்தில் சிலிகான் பசையை அப்பி மழுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். பத்து மாடி எண்ணுவதற்குள் கட்டியவரின் கை தெரிந்துவிடும்.

வெளியே நீளும் பால்கனிக்கும் ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிகாகோவில் ஜீன் கேங் வடிவமைத்த 82 மாடி அக்வா கோபுரத்தில் தள விளிம்புகள் மாடிக்கு மாடி வேறுபட்டு அலைபோல நீள்கின்றன. அது வெறும் அலங்காரமல்ல. மோதும் காற்றை அது கலைத்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் அதே கான்கிரீட் தளம்தான் தடுப்பில்லாமல் வெளியே நீள்கிறது. குளிர்காலத்தில் வீட்டுச் சூடு அதன் வழியே கசியும். வெயில் ஊரில் இதே அமைப்பு வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். ஒரே விளிம்புக்கு ஒரு சபாஷ், ஒரு குட்டு.

நான்கு முகமும் ஒரே அச்சாக இருந்தால் 'என்ன ஒழுங்கு!' என்று பாராட்டுகிறோம். வெயிலும் மழையும் நான்கு பக்கமும் ஒன்றுபோலவா வருகின்றன? மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் முடிந்த காஞ்சன்ஜங்கா குடியிருப்பைப் பாருங்கள். கடல் காற்றும் காட்சியும் வேண்டுமானால் மேற்கே திறக்க வேண்டும். சுடுகிற வெயிலும் பருவமழையும் அதே மேற்கிலிருந்துதான் தாக்கும். அவர் மூலைகளில் இரண்டு மாடி உயரத்துக்குத் தோட்டத் தளங்களைக் குடைந்து, அறைகளைப் பின்னுக்கு இழுத்தார். பழைய பங்களாவின் தாழ்வாரத்தை வானத்தில் ஏற்றிய வேலை அது.

வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் பெட்டிதான். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951இல் சிகாகோவில் முடிந்த லேக் ஷோர் டிரைவ் இரட்டைக் கோபுரங்களும் பெட்டிகளே. முறுக்கிக் கட்டினால் திறமை, நேராகக் கட்டினால் சோம்பல் என்ற கணக்கு அவற்றின் முன்னால் செல்லாது. லாபி மார்பிள், நீச்சல் குளம், மாதிரி வீட்டு சோபா ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது விற்பனைத் துறை.

கடைசியாக, திறப்பு விழா அன்றே மதிப்பெண் போடாதீர்கள். புதுப் பெயின்ட்டில் எந்தச் சுவரும் அழகுதான். நானே இளக்காரமாகப் பேசிய சாம்பல் நிறக் கோபுரம் ஒன்று உண்டு. ஒரு மழை நாளில் அதன் வாசலில் ஒதுங்கினேன். தலைக்கு மேலே போதுமான நீளத்துக்குக் கூரை, காற்று சுழற்றி அடிக்காத மூலை, தண்ணீர் தேங்காத படி. அண்ணாந்து பார்த்தபோது ஒவ்வொரு பால்கனியின் அடிப்பக்கத்திலும் விளிம்பை ஒட்டி விரல் அகலத்தில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், ஓடியது. நீர் அந்தக் காடிவரை வந்து, அதைத் தாண்ட முடியாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. எதிர்ச்சாரியில் நான் புகழ்ந்துகொண்டிருந்த வெள்ளைக் கோபுரத்தில் அந்தக் காடி இல்லை. குடியேறி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு ஜன்னலின் கீழும் மீசைபோலக் கறுப்புக் கறை இறங்கியிருந்தது.