ரூட் செய்த போனில் கஸ்டம் ரோம்: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

கஸ்டம் ரோம் (கம்பெனி தந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக மற்றவர்கள் உருவாக்கிய ஆண்ட்ராய்டு) போட்டபின் போன் லோகோவிலேயே நின்றுவிட்டால், பலரும் ரோமைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன் செய்த வைப்பில், அதாவது பழையதை அழித்ததில் இருக்கும். அழிக்க வேண்டியது அழியாமல் நின்றிருக்கும், அல்லது அழிக்கவே கூடாத ஒன்றில் டிக் விழுந்திருக்கும்.

2018இல் வந்த போகோ எஃப்1 போனை எடுத்துக்கொள்வோம். பூட்லோடர் (போனைத் தொடக்கும் நிரல்) திறந்தாயிற்று, டிடபிள்யூஆர்பி ரிக்கவரி (ஆண்ட்ராய்டுக்கு வெளியே இயங்கி, அழிக்கவும் ரோம் ஏற்றவும் உதவும் நிரல்) இருக்கிறது, மேஜிஸ்க் என்னும் கருவி மூலம் ரூட்டும் (சிஸ்டத்தின் மேல் முழு அனுமதி) ஆகியிருக்கிறது. வேறு வகைப் போன்களில் எங்கே மாறும் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

போன் இயங்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டுத் தடுப்புப் பூட்டு ஒன்று உண்டு. கணக்கை நீக்காமல் ரிக்கவரி வழியாக அழித்தால், புது ரோமில் கூகுள் சேவைகள் ஏறியதும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு வழிமறிக்கும். ஷாவ்மி போன் என்றால் எம்ஐ கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். திரைப்பூட்டின் பின் நம்பரையும் எடுத்துவிடுங்கள். ரிக்கவரியால் டேட்டாவைத் திறக்க முடியாமல் போகும் தொல்லை குறையும்.

படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் ஃபோல்டர் எல்லாவற்றையும் கணினிக்கு நகல் எடுங்கள். ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் அதன் கணக்குகளை இன்னொரு போனுக்கு மாற்றுங்கள். இதை மறந்தவர்கள் பிறகு ஒவ்வொரு தளமாக அலைய வேண்டியிருக்கும். சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும்.

ரூட்டைத் தனியாக நீக்கத் தேவையில்லை. மேஜிஸ்க் இருப்பது ஆண்ட்ராய்டைத் தொடக்கும் பூட் இமேஜிலும், ஆப்களும் உங்கள் கோப்புகளும் இருக்கும் டேட்டா பார்ட்டிஷனிலும் (சேமிப்பகத்தின் ஒரு பகுதி) தான். முன்னதைப் புது ரோம் மேலெழுதிவிடும், பின்னது ஃபார்மட்டில் போய்விடும்.

ரிக்கவரியில் பேக்கப்

1. போனை அணைத்து, வால்யூம் அப், பவர் இரண்டையும் சேர்த்து அழுத்தி ரிக்கவரிக்குள் போங்கள்.

2. பேக்கப் பகுதியில் பூட், இஎஃப்எஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். பெர்சிஸ்ட் தெரிந்தால் அதையும் சேருங்கள். ஐஎம்இஐ எண்ணும் நெட்வொர்க்கும் இஎஃப்எஸ்ஸை நம்பி இருக்கின்றன. அது கெட்டால் சிம் போட்டும் பயனில்லை. சென்சார்களின் அளவீடு பெர்சிஸ்டில் இருக்கிறது.

3. சேமிக்கும் இடமாக மெமரி கார்டையோ ஓடிஜி பென்டிரைவையோ தேர்ந்தெடுங்கள். தொடக்கநிலையில் பலர் சறுக்குவது இங்கேதான். டிடபிள்யூஆர்பி தானாக எழுதும் இடம் இன்டர்னல் ஸ்டோரேஜ். ஐந்தாம் படியில் அழியப்போவதும் அதேதான். எடுத்த பேக்கப்பும் சேர்ந்து போய்விடும். போட வேண்டிய ரோம் ஜிப்பையும் கார்டிலேயே வையுங்கள்.

இனி வைப்

வைப் பக்கத்தைத் திறந்ததும் தெரியும் ஸ்வைப், பேக்டரி ரீசெட் மட்டுமே செய்யும். ஆப்களும் செட்டிங்ஸும் போகும்; உங்கள் படங்கள் இருக்கும் இன்டர்னல் ஸ்டோரேஜ் அப்படியே நிற்கும், என்கிரிப்ஷனும் (டேட்டாவைப் பூட்டிவைக்கும் குறியாக்கம்) நீங்காது. பழைய ரோம் பூட்டிய டேட்டாவைப் புது ரோம் திறக்கப் பார்த்து, முடியாமல் லோகோவில் சுழன்றுகொண்டிருக்கும். அல்லது நீங்கள் வைக்காத பாஸ்வேர்டைக் கேட்கும். ஒரு ரோமிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இந்த ஸ்வைப் போதாது.

4. அட்வான்ஸ்டு வைப் உள்ளே டால்விக், கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) இரண்டில் மட்டும் டிக் வைத்து ஸ்வைப் செய்யுங்கள்.

சிஸ்டத்தையும் டிக் செய்யச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உண்டு. அது தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. இன்றைய ரோம் ஜிப்கள் சிஸ்டம் பார்ட்டிஷனை முழுவதுமாக மேலெழுதுகின்றன. நீங்கள் இறக்கிய ஜிப் பழுதாக இருந்தால், பழைய சிஸ்டமாவது மிஞ்சியிருந்து போன் எழுந்திருக்கும். வெண்டர் பக்கம் போகவே போகாதீர்கள். கேமரா, வைஃபை போன்றவற்றின் டிரைவர்கள் அங்கே இருக்கின்றன. எல்லா ரோம் ஜிப்பும் அதைத் திருப்பித் தராது. மெமரி கார்டு, ஓடிஜி பெட்டிகளும் காலியாகவே இருக்கட்டும், உங்கள் பேக்கப் அங்கேதான் இருக்கிறது.

5. வைப் பக்கத்துக்குத் திரும்பி ஃபார்மட் டேட்டாவை அழுத்துங்கள். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று தட்டச்சு செய்யச் சொல்லும். டேட்டாவும் இன்டர்னல் ஸ்டோரேஜும் என்கிரிப்ஷனும் ஒரே வீச்சில் போகும்.

6. ரீபூட் பக்கத்தில் ரிக்கவரியைத் தேர்ந்தெடுங்கள், சிஸ்டத்தை அல்ல. மறுபடி ரிக்கவரிக்குள் வந்தால்தான் புதிதாக ஃபார்மட் ஆன டேட்டா சரியாக மவுன்ட் ஆகும், அதாவது ரிக்கவரியால் அதைப் படிக்கவும் எழுதவும் முடியும். அதற்கு முன் டேட்டாவை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று சிவப்பில் வரி வந்தால் பதற வேண்டாம். திரும்பி வந்த பிறகும் வந்தால் ஐந்தாம் படியை இன்னொரு முறை செய்யுங்கள்.

7. ரோமை ஃபிளாஷ் செய்யுங்கள், அதாவது அதன் ஜிப்பைப் போனில் ஏற்றுங்கள். கூகுள் சேவைகள் வேண்டுமென்றால் போன் முதல்முறை பூட் ஆகும் முன்பே அவற்றுக்கான ஜிப்பையும் ஏற்றுங்கள். ஒருமுறை பூட் ஆன பிறகு சேர்த்தால் ஆப்கள் நின்று நின்று விழும். மறுபடி ஃபார்மட்டுக்குத்தான் வர வேண்டும். முதல்முறை பூட் ஆகச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

ஏ/பி ஸ்லாட் உள்ள போன்கள்

இவற்றில் சிஸ்டத்துக்கு ஏ, பி என இரண்டு இடங்கள் (ஸ்லாட்) உண்டு. பிக்சல் போன்றவற்றில் லீனியேஜ் என்னும் கஸ்டம் ரோமின் ரிக்கவரி இருந்தால் இத்தனை டிக் பெட்டிகள் கிடையாது. பேக்டரி ரீசெட் உள்ளே இருக்கும் ஃபார்மட் டேட்டா ஒன்றே போதும். ரோமைக் கணினியிலிருந்து ஏடிபி சைட்லோட் (கேபிள் வழியாக ஜிப்பை அனுப்பும் கட்டளை) மூலம் அனுப்புங்கள். சில சமயம் கணினித் திரை 47 சதவீதத்தில் நின்றுவிடும். கேபிளை உருவாதீர்கள், போன் திரையைப் பாருங்கள். வேலை அங்கே முடிந்திருக்கும். ரோம் இன்னொரு ஸ்லாட்டில்தான் ஏறுகிறது. அதனால் கூகுள் ஜிப்பை அனுப்பும் முன் ஒருமுறை ரிக்கவரிக்கே ரீபூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது பழைய ஸ்லாட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், புது ரோமில் பிளே ஸ்டோரே தெரியாது.