குழந்தைக்கு வலிப்பு, வளர்ச்சித் தாமதம்: நரம்பு டாக்டரிடம் போய்ச் சேருவது எப்படி? (வடசென்னைக்காரர்களுக்கு)

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். தூங்கி எழுந்ததும் தலை முன்னால் சாயும், இரண்டு கையும் விரியும், ஒரு திடுக்கம். சில விநாடி கழித்து இன்னொன்று. இப்படியே வரிசையாகப் பத்துப் பதினைந்து. "உரம் விழுந்திருக்கு" என்று மாமியார் சேலையில் போட்டு உருட்டினார். பக்கத்து வீட்டு அக்கா தர்காவில் ஓதி ஊதிக்கொண்டு வரச் சொன்னார். தெருமுனை கிளினிக்கில் வயிற்றுவலி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரம் போய்விட்டது. அது இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பு. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தொடங்கும். மருந்து தள்ளிப்போகப் போக வளர்ச்சி அடிவாங்கும்.

தண்டையார்பேட்டையில் அன்று எனக்கு யாரும் சொல்லாததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: வீடியோ எடுங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கும். நாம் "இப்படிப் பண்ணுது டாக்டர்" என்று கையை ஆட்டிக் காட்டுவோம். அதை வைத்து யாராலும் எதையும் சொல்ல முடியாது. செல்போன் வீடியோதான் பேசும். லைட்டைப் போடுங்கள், போர்வையை விலக்குங்கள், முகமும் கைகால்களும் சேர்ந்து தெரியட்டும். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கிறதா என்பதும் பதிவாகும். பாதியில் நிறுத்தாதீர்கள்.

உடம்பு வெட்டி இழுக்கிற வலிப்பு என்றால் முதலில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வீடியோவை வேறு யாராவது எடுக்கட்டும். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

படி 2: ஒரே ஒரு தாள்

அரசு மருத்துவமனையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர் நம்மோடு பேசும் நேரம் கொஞ்சம். அதில் பாதி "பொறந்ததும் அழுதுச்சா?" என்பதில் தொடங்கும் கேள்விகளுக்கே போய்விடும். வீட்டிலேயே எழுதி வைத்துவிடுங்கள்: எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எடை, உடனே அழுததா, இன்குபேட்டரில் எத்தனை நாள், மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்தார்களா. பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் நம் பக்கம் ஏராளம். அந்தத் தாள் பீரோ அடியில்தான் எங்காவது கிடக்கும்.

தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, முதல் பேச்சு எல்லாம் எந்த மாதத்தில் என்று எழுதுங்கள். ஒருமுறை கற்றுக்கொண்டதைக் குழந்தை மறந்திருந்தால், பேசியது பேசாமல் போயிருந்தால், அதைத் தாளின் உச்சியில் எழுதுங்கள். டாக்டருக்கு அது பெரிய துப்பு.

இன்னொன்று. சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்பார்கள். நான் மாமன் மகனைக் கட்டியவள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது வாய் வரவில்லை. சொல்லிவிடுங்கள். குற்றம் கண்டுபிடிக்கக் கேட்பதில்லை, எந்த மரபணுப் பரிசோதனை தேவை என்று முடிவெடுக்கக் கேட்கிறார்கள்.

படி 3: யாரிடம், எங்கே

'நியூரோ' என்றதும் ஆபரேஷன் டாக்டரிடம் ஓடுகிறவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டியவர் குழந்தை நரம்பியல் மருத்துவர். ஆபரேஷன் வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும்.

நமக்குக் கிட்டத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே குழந்தைகள் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டுங்கள். பெரிய சிக்கல் என்றால் எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் இருக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே குழந்தை நரம்பியலுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. சிறப்புப் பிரிவு எந்த நாளில் ஓ.பி. பார்க்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவில் குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அங்கிருந்து ஆட்டோ.

படி 4: பரிசோதனைகள்

இ.இ.ஜி. என்பது மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை, வலிக்காது. தலையில் ஒயர்களை ஒட்டுவார்கள், அவ்வளவுதான். முதல்நாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் ஒரு சொட்டுகூடக் கூடாது. நான் வழக்கம்போல் தேங்காய் எண்ணெய் தடவி, வழித்துச் சீவிக் கூட்டிப் போனேன். ஒட்டவே இல்லை, திரும்பி வந்தோம். பெரும்பாலும் குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள் என்பதால் முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைக்கச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மடியில் தூங்கவிட்டால் வேலை கெட்டது.

எம்.ஆர்.ஐ.க்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். தாய்ப்பாலை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டோடு படங்களையும் வாங்கி வையுங்கள்.

படி 5: அட்டைகள்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பகாலச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது கண் பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். பாதிப்பு நிலையானது என்று டாக்டர் சொன்னால் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் எல்லாம் அதில் அடக்கம். என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் "அந்த அட்டை எதுக்கு, புள்ளைக்குப் பேர் வெச்சிடுவாங்க" என்றே தள்ளிப்போட்டார். பஸ் சலுகை, உதவித்தொகை போன்றவற்றுக்கு அந்த அட்டையைத்தான் கேட்கிறார்கள்.

படி 6: மருந்து

சிரப் வாங்கும்போது மில்லியைப் பார்த்தால் போதாது, ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். கடையில் வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால் அளவு மாறியிருக்கலாம். பழைய பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். பாட்டிலில் ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மருந்து தீர்ந்து, தண்டையார்பேட்டையிலிருந்து மின்ட் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன்.