ஓடும் பைக்கில் ஹேண்டில்பார் திடீரென்று உதறினால்

சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் ஏறி இறங்குகிறது. அடுத்த நொடியே ஹேண்டில்பார் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கிறது. நொடிக்கு 4 முதல் 10 முறை வரை உதறும். அந்த வேகத்துக்கு நம் கை ஈடுகொடுக்காது. இடப்பக்கம் போவதைத் தடுக்கலாம் என்று நாம் தள்ளுவதற்குள் அது வலப்பக்கம் போயிருக்கும். நம் தள்ளலே உதறலை வளர்த்துவிடும்.

அதனால் முதல் வேலை, பிடியைத் தளர்த்துவது. கையை எடுத்துவிடக் கூடாது. விரல்கள் கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும். முழங்கையை லேசாக மடக்கி, தோளை இறக்கிவிடுங்கள். பயத்தில் கை தானாகவே இறுகும். அதனால் நேரான காலிச் சாலையில், நிதானமான வேகத்தில் இப்படித் தளர்வாகப் பிடித்து ஓட்டி இப்போதே பழகுங்கள்.

அதோடு சேர்ந்தே முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். உடம்பைத் தாங்க வேண்டியது கால்கள்தான், கைகள் இல்லை.

அப்புறம் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம். பாரம் முன்சக்கரத்துக்குப் பாய்ந்து உதறல் மோசமாகலாம். ஆக்சிலேட்டரைக் கூட்டினால் அடங்கிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. புதிதாக ஓட்டுபவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன். அடங்காவிட்டால் இன்னும் அதிக வேகத்தில் விழ வேண்டிவரும்.

அடங்கியதும் ஓரமாக நிறுத்துங்கள். டயரில் காற்று குறைவா, பின்னால் சுமை அதிகமா என்று பாருங்கள். பின்பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கோன் செட்டை, அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கை, சோதியுங்கள். பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்பக்கம் அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டொக்' என்று கையில் தட்டினால் கோன் செட் லூசாக இருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் மட்டும் சிக்கி நின்றால் தேய்ந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். மெக்கானிக் இறுக்கித் தந்த பிறகும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சக்கரம் தூக்கியிருக்கும்போது லேசாகத் தட்டினாலே ஹேண்டில் இருபக்கமும் தடையில்லாமல் சாய வேண்டும். சாயாவிட்டால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார், தளர்த்தச் சொல்லுங்கள்.