கோரஸில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள்: வாசிப்பு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் போகட்டும். மதுரையைச் சுற்றி எந்தத் தொடக்கப் பள்ளி வாசலில் நின்றாலும் அந்தச் சத்தம் கேட்கும். டீச்சர் ஒரு வரி சொல்ல, முப்பது பிள்ளைகள் அதையே இழுத்துச் சொல்வார்கள். முதன்முறையாக ஒன்றாம் வகுப்பை எடுத்தவர்களுக்கு அது நிம்மதி தரும் சத்தம். பழைய ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். அதை நம்பி ஏமாந்தவர்கள்தானே நாங்களும்! எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், பலகையை மறைக்காதீர்கள் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதை விட்டுவிடுவோம்.

கோரஸை வாசிப்பு என்று நம்புவது

முன்வரிசையில் நாலைந்து பிள்ளைகள் எழுத்தைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் அவர்கள் வாயைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் பிடிபட்டுவிடும். சொல்லின் தொடக்கம் மெலிதாக வரும், கடைசி அசை மட்டும் ஓட்டைத் தூக்கும். ‘ஓடியது’ என்பதில் ‘யது’தான் உரக்கக் கேட்கும். பாதிச் சொல் போன பிறகுதானே பின்னால் இருப்பவர்களுக்கு அது என்ன சொல் என்று தெரிகிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு மூன்றாம் வகுப்பு. ஒரு பெண் பிள்ளை ஏற்ற இறக்கத்தோடு பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரட்டும்போது இரண்டு தாள் ஒட்டிச் சேர்ந்து புரண்டுவிட்டது. அவள் நிற்கவே இல்லை. கண் முன்னால் இல்லாத பக்கத்தை ஒரு எழுத்து பிசகாமல் ‘வாசித்து’ முடித்தாள். அதுவரை வகுப்பில் அவளுக்கு ‘நல்லா வாசிக்கிற பிள்ளை’ என்று பேர்.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் பாடம் சின்னது, ஞாபகசக்தி தாங்கிவிடும். நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் பக்கம் பக்கமாக நீளும்போது மனப்பாடம் கைவிட்டுவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்நேரம் ஒன்றாம் வகுப்பு எழுத்து அட்டையைக் கையில் எடுக்க வெட்கம். வெட்கப்பட்ட பிள்ளை புத்தகம் இருக்கும் பக்கமே திரும்பாது. வாசிக்கப் பிடிக்காத பிள்ளை என்று நாம் சொல்வதில் பாதிப் பேர் வாசிக்கத் தெரியாமல் மறைக்கிற பிள்ளைகள். இவ்வளவு தெரிந்தும் இது ஏன் ஒழியவில்லை என்றால், பார்வையிட வருகிறவர்கள் முன்னால் கோரஸ் அழகாக இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். நடத்திய பாடத்தையே எடுங்கள். வரியின் நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து ‘இது என்ன?’ என்று கேளுங்கள். மனப்பாடப் பிள்ளை வரியின் முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேரும். அடுத்து, வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாக, தெரிந்த எழுத்துகளை வைத்துச் சிலேட்டில் புதுச் சொல் எழுதுங்கள்: பாடத்தில் ‘பாடம்’ இருந்தால் ‘மாடம்’. இந்த மூன்றில் எங்கே தடுக்குகிறதோ அங்கிருந்துதான் வேலை.

ஒரு நாளைக்கு ஆறு பிள்ளைகள் என்றால் முப்பது பேரும் ஐந்து நாளில் முடிவார்கள். நோட்டில் பெயர், தேதி, தடுக்கிய சொல், இவ்வளவு எழுதினால் போதும். மற்ற பிள்ளைகள் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசிக்கட்டும். சத்தம் இருக்கும், இருக்கட்டும். தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பது பிள்ளையை அதன் இடத்திலிருந்து நகர்த்தத்தான். கோரஸைக் கேட்டுப் பிரித்தால் அரும்பில் இருக்க வேண்டிய பிள்ளை மலரில் உட்கார்ந்திருக்கும்.

பாட்டுக்குக் கோரஸ் தாராளமாக இருக்கட்டும். பாடத்தைச் சேர்ந்து வாசிக்கத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு பிள்ளையின் விரலும் ஒவ்வொரு சொல்லின் அடியில் நகர வேண்டும். நீங்கள் வாயைப் பார்க்காமல் விரலைப் பாருங்கள்.

247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருப்பது

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. இத்தனையும் முடித்துவிட்டுத்தான் சொல் என்றால் பொங்கல் வந்துவிடும். பிள்ளைக்கு எழுத்து என்பது எதற்கென்றே தெரியாமல் அரை வருடம் ஓடியிருக்கும்.

அ, ஆ, ப, ட, ம. இந்த ஐந்தோடு துணைக்காலும் புள்ளியும் சொல்லிக்கொடுங்கள். அம்மா, அப்பா, மாமா, பாப்பா, ஆமாம், படம், பட்டம், பாடம், மாடம், ஆட்டம், டப்பா என்று இரண்டாம் வாரமே பிள்ளை தானாக வாசிக்கும். ‘டப்பா’வை வாசித்துவிட்டுச் சிரிக்காத பிள்ளை கிடையாது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று எழுத்து. துணைக்கால் வரிசை ஒழுங்கானது, ஒரே மூச்சில் வரும். உகர, ஊகார வரிசை அப்படியல்ல. கு, சு, டு, மு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். அவசரப்படாமல் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும்.

எழுத்தின் பெயரை ஒலியென்று சொல்லிக்கொடுப்பது

‘பானா, டானா, இம்மன்னா’ என்று எழுத்துக் கூட்டிய பிள்ளையிடம் ‘சேர்த்துச் சொல்லு’ என்றால் எப்படி ‘படம்’ வரும்? ப, ட, ம் என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. பக்கம், பங்கு, பகல் மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ‘பகல்’ என்பதை வல்லினமாக அழுத்தி ‘ப, க, ல்’ என்று கூட்டுகிற பிள்ளைக்கு, தான் தினமும் பேசுகிற சொல்தான் இது என்று பிடிபடாது. ‘வேகமாச் சொல்லிப் பாரு’ என்றால் தானே திருத்திக்கொள்ளும்.

கொம்பு

கண்ணுக்கு முன்னால் வரும், காதுக்குப் பின்னால் வரும். ‘கொ’வை ‘கெ’, ‘கா’ என்று பிய்க்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். கொம்பையும் காலையும் ஒரு சாக்பீஸ் நிறத்திலும் நடு எழுத்தை வேறு நிறத்திலும் போடுங்கள்.

‘வந்துச்சு’வைத் திருத்துவது

புத்தகத்தில் ‘யானை வந்தது’ என்று இருக்கிறது, பிள்ளை ‘யானை வந்துச்சு’ என்று வாசிக்கிறது. உடனே நிறுத்தித் திருத்துகிறார்கள். அந்தப் பிள்ளை எழுத்தைக் கூட்டி, பொருளைப் புரிந்து, தன் பேச்சில் சொல்லியிருக்கிறது. அரைகுறை வாசிப்பில் இது வராது. வரி முடியட்டும், பிறகு ‘புத்தகத்துல எப்படிப் போட்டிருக்கு, பாரு’ என்று கேட்டால் போதும். ‘வந்தாள்’ என்பதை ‘வந்தான்’ என்று வாசித்தால் விடாதீர்கள், அது எழுத்தைப் பார்க்காத தவறு. வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசிவிட்டு வரும் பிள்ளை என்றால் சொல்லே புதிதாக இருக்கும். வாசிக்கும் முன் அந்தச் சொல்லைக் காதில் போட்டுவையுங்கள்.

புத்தகத்தைப் பீரோவில் பூட்டுவது

கிழிந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்ற பயம். நியாயமான பயம்தான், ஆனால் செல்லரித்தாலும் அதே கணக்குதான்.

வகுப்பில் இரண்டு ஆணிக்கு நடுவே நைலான் கயிறு கட்டுங்கள், பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு. துணி கிளிப் போட்டு இருபது மெல்லிய புத்தகங்களை அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தை ஆறு வயதுப் பிள்ளை எடுக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எளிதிலிருந்து கடினம் வரை நுழை, நட, ஓடு, பற என்று நிலை போட்ட, பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் பள்ளியில் இருந்தால் எல்லா நிலையையும் கலந்து தொங்கவிடுங்கள். ‘நுழை’ மட்டும் எடுக்கிற பெரிய பையனை யாரும் கேலி செய்யாமல் இருக்க அதுதான் வழி. எடுத்துப்போகிற புத்தகத்தின் பெயரைப் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். தையல் விட்டால் ஊசியும் நூலும் மேசையில் இருக்கட்டும்.

கதை முடிந்ததும் ‘நீதி என்ன?’ என்று கேட்பது

கேட்காதீர்கள்.

நூலகத்துக்கு ஊர்வலம் போவது

மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து புது நத்தம் சாலைக்குப் பள்ளி வேன்கள் வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் வரிசையாக நிற்க வைத்து, ‘தொடாதே’ என்று சொல்லி, அரை மணி நேரத்தில் போட்டோ எடுத்துக் கிளம்பிவிடுகிறார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். குழந்தைகள் பகுதியைத் தவிர எங்கும் போக வேண்டாம். முதல் இருபது நிமிடம் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுவார்கள். பிறகு ஒருத்தன் உட்காருவான், அவன் தோளுக்கு மேல் இன்னொருத்தன் எட்டிப் பார்ப்பான். அந்நேரம் பார்த்து விசில் ஊதாதீர்கள்.