மலைக்குளிரில் இஞ்சி பியர்: முதல் தடவை போடுபவர்கள் செய்யும் தவறுகள்

நுவரெலியாவில் தோசைக்கு அரைத்து வைத்தவர்களுக்கு இது புதிதில்லை. கண்டியில் ஒரே இரவில் பொங்கி வழியும் மா, அங்கே மறுநாள் மத்தியானம் வரை அப்படியே கிடக்கும். தோசை மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் பக்றீரியா, இஞ்சி பியரில் வேலை செய்வது ஈஸ்ட். குளிரில் இரண்டுமே மந்தமாகிவிடும். "வாளியில் ஒரு நாள், போத்தலில் ஒரு நாள்" என்ற கணக்கு கொழும்புச் சூட்டுக்குச் சரி. 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரியே 16 பாகை செல்சியஸை ஒட்டியிருக்கும் ஊரில் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்கும்.

முதலில் அளவு. தண்ணீர் 4 லீற்றர், இஞ்சி 200 கிராம், சீனி 400 கிராம், தேசிக்காய் மூன்று, கராம்பு நாலைந்து, ஈஸ்ட் கால் தேக்கரண்டி. நாட்டு இஞ்சி சிறியது, காரம் கூடியது. பெரிய விரல்களோடு வரும் சீன இஞ்சி என்றால் 300 கிராம் வரை போடலாம். இஞ்சியைத் தட்டி, சீனி, கராம்போடு கால் மணித்தியாலம் கொதிக்க விட்டால் போதும். அதற்கு மேல் கொதித்தால் பச்சை இஞ்சியின் உறைப்பு மழுங்கிவிடும். தேசிப்புளியை ஆறிய பிறகு விடுங்கள்.

பீலித் தண்ணீரை, அதாவது மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீரை, காய்ச்சாமல் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் குமிழி வந்ததும் இறக்காமல் இன்னும் மூன்று நிமிடம் விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தாலும் கொதியில் பெரும்பகுதி போய்விடும்.

அடுத்தது அவசரம். கொதித்த சாறு ஆறுமுன் ஈஸ்டைக் கொட்டினால் அது செத்துவிடும். 50 பாகைக்கு மேல் ஈஸ்ட் தாங்காது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. பக்கற்றைத் திறந்து மாதக்கணக்காகிவிட்டதா? அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் கொஞ்சம் ஈஸ்டும் கலந்து வையுங்கள். கால் மணித்தியாலத்தில் நுரை எழாவிட்டால் அந்த ஈஸ்டை நம்ப வேண்டாம்.

வாளியை இறுக மூடாமல் துணி கட்டி வையுங்கள். 25 பாகை வீட்டில் அரை நாளுக்குள் ஓரத்தில் நுரை கட்டும், பாண் வாசம் வரும். 15 பாகையில் இதற்கே இரண்டு நாள் பிடிக்கலாம். இரவு அடுப்படி 10 பாகைக்கு இறங்கினால் ஈஸ்ட் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். "ஒன்றும் நடக்கவில்லையே" என்று இன்னொரு தேக்கரண்டி ஈஸ்டும் ஒரு கை சீனியும் போடுவார்கள். குறை ஈஸ்டில் இல்லை, குளிரில். மறுநாள் வெயில் ஏறித் தகரக் கூரை காய்ந்ததும் எல்லாம் ஒன்றாய் விழித்து வாளி பொங்கி வழியும். குடிக்கும்போது ஈஸ்ட் நாற்றமும் மிஞ்சும்.

செய்ய வேண்டியது சூட்டை நிலையாக வைப்பது. ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் வாளியை வைத்து, பக்கத்தில் ஒரு போத்தல் சுடுதண்ணீர் வைத்து மூடுங்கள். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். பெட்டி இல்லையென்றால் கம்பளியால் சுற்றி உள்ளறையில் வைக்கலாம். விறகடுப்பை ஒட்டி வைப்பது நல்லதல்ல. அங்கே பகலில் கொதிக்கும், விடியற்காலையில் உறையும்.

நொதிக்கும்போது பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது? அடியில் படியும் வெள்ளை மண்டி ஈஸ்ட்தான். இடையில் லேசான அழுகிய முட்டை வாசம் வரலாம், அது தானாய்ப் போகும். மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் பிடித்தாலும், சாறு கோழைபோல் நூலாய் இழுத்தாலும் முழுவதையும் கொட்டிவிடுங்கள். வழித்தெடுத்துவிட்டுக் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வினாகிரி வாசம் வந்தால் காற்றோடு அதிக நாள் திறந்து கிடந்திருக்கிறது.

இனிப் போத்தல். கையைக் கிழிக்கும் தவறு இதில்தான் நடக்கும். லீற்றருக்கு 4 கிராம் சீனி நொதித்தால், பானத்தின் கொள்ளளவுக்குச் சமமான அளவு கரியமில வாயு உண்டாகும். கடைச் சோடாவில் இருப்பது ஏறக்குறைய நான்கு மடங்கு. அதற்கு லீற்றருக்கு 16 கிராம் சீனியே போதும். நாம் போட்டதோ 100 கிராம். முழுவதும் மூடிய போத்தலுக்குள் நொதித்தால் எந்தப் போத்தலும் தாங்காது. ஆகவே கண்ணாடிச் சாராயப் போத்தல், ஜாம் போத்தல் எதுவும் வேண்டாம். தண்ணீர் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் போத்தலும் வேண்டாம். சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்தான் சரி. மேலே நாலு விரல் இடம் விட்டு மூடி, நாளுக்கு இரண்டு முறை அமுக்கிப் பாருங்கள். நசுங்காமல் கல்லுப்போல் இறுகியதும் பிரிட்ஜில் வையுங்கள், அன்றைக்கு எத்தனையாம் நாளாக இருந்தாலும். கண்டியில் ஒரு நாளில் இறுகுவதற்கு நுவரெலியாவில் மூன்று, நான்கு நாள் போகலாம். பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) இரண்டைப் போட்டு, அவை மிதந்தால் ரெடி என்பார்கள். மிதப்பது வாயு வருகிறது என்பதற்கு அடையாளம், அழுத்தம் எவ்வளவு என்பதைச் சொல்லாது.

நுவரெலியாக் குளிர் இருக்கும்போது பிரிட்ஜ் எதற்கு என்ற எண்ணமும் ஆபத்து. 12 பாகையில் ஈஸ்ட் மெதுவாகும், நிற்காது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் சீனிக் கணக்கையே மாற்றுங்கள். லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 12 கிராம் மட்டும் போட்டு, அது முழுவதும் நொதிய விடுங்கள். இனிப்பு மிஞ்சாது. குடிக்கும்போது கிளாஸில் சீனிப்பாகு விட்டுக் கலக்கலாம். ருசி கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும், ஆனாலும் போத்தல் வெடிக்காது.

நொதித்த எதிலும் மதுசாரம் இருக்கும். சோடா அளவு வாயு வந்ததும் நிறுத்தினால் அது ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கும். வாளியிலேயே நாள்கணக்காய் விட்டு 100 கிராமும் நொதித்தால் 6 சதவீதத்தைத் தாண்டும், அதற்குப் பிறகு அது இஞ்சி பியர் அல்ல. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது இலங்கையில் குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மதுசாரத்தை விலக்கியவர்களுக்கும் நொதிக்காத இஞ்சிச் சாற்றில் சோடா கலந்து கொடுங்கள்.

போத்தல் உப்பி அடி வளைந்துவிட்டால் அசைக்காமல் பிரிட்ஜில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். பிறகு தடித்த ஈரத்துணியால் சுற்றி, வாயை முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மூடியைக் கால் சுற்றுத் திருகி நிறுத்துங்கள். சீறல் அடங்கியதும் இன்னொரு கால் சுற்று.